பதினைந்து விநாடி

(சிவில் பிரிவு, மூன்றாமாண்டு)

வெளிநாட்டுப் பயணக் கட்டுரை என்றதும், விமானத்தில் என்ன சாப்பாடு போட்டார்கள் என்று ஆரம்பிக்கப் போகிறேன் என நினைத்துவிடாதீர்கள். அதையெல்லாம் ஹாஸ்டலில் நாலு தடவை சொல்லி, திட்டும் வாங்கியாயிற்று. இங்கே நான் எழுத வந்தது ஒரு கேள்வியைப் பற்றி. நான் கேட்டிருக்கவே கூடாத ஒரு கேள்வி.

என் தாய்மாமா மொராக்கோ நாட்டில், அகாதிர் என்ற கடற்கரை நகரத்தில், ஒரு ஓட்டலில் சமையல்காரர். "படிக்கிற பையன் நாலு ஊரைப் பாக்கட்டும்" என்று போன மே மாத லீவில் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார். காசாபிளாங்கா வரை விமானம். அங்கிருந்து அகாதிருக்கு பஸ். ஆனால் நான் போன நேரம் மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தனக்குப் பழக்கமான சுற்றுலா வழிகாட்டி ஒருவரிடம் என்னை ஒப்படைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

வழிகாட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அரசாங்க அடையாள அட்டை. அரபி, பிரெஞ்சு, இங்கிலீஷ், அதோடு தாய்மொழியான தஷல்ஹீத்தும் பேசுவார். என்னை 'கூயா' என்று கூப்பிட்டார். 'என் சகோதரனே' என்று அர்த்தமாம். நான் அவரை 'அண்ணே' என்றேன். அது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், சாயங்காலம் வரை என்னையும் 'அண்ணே' என்றே கூப்பிட்டார்!

காலையில் கடற்கரை. அட்லாண்டிக் பெருங்கடலை முதன்முதலாகப் பார்த்தேன். பிறை நிலா மாதிரி வளைந்து கிலோமீட்டர் கணக்கில் நீளும் மணல். அதை ஒட்டியே நடப்பதற்குத் தளம் போட்ட பாதை. அடுத்து மீன்பிடித் துறைமுகம். எங்கு பார்த்தாலும் மத்தி மீன். சுட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து தந்தார்கள். நம்ம ஊர் மத்திதான், காரம் மட்டும் இல்லை. பிறகு ஆரஞ்சு நிற டாக்ஸியில் 'சூக் எல் ஹத்' சந்தைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்று பெயருக்கு அர்த்தம். இப்போது திங்கள் தவிர எல்லா நாளும் நடக்கிறது. மலை மலையாக ஆலிவ் காய், குங்குமப்பூ, அந்தப் பகுதியிலேயே விளையும் ஆர்கன் மரத்தின் எண்ணெய். கடைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்ததும் "இந்தியா? ஷாருக் கான்!" என்று கையைப் பிடித்துக்கொண்டு, புதினா டீ கொடுக்காமல் விடவில்லை.

ஊர் முழுக்க வெள்ளைக் கட்டடங்கள், அகலமான சாலைகள். பெயர்ப் பலகைகளில் அரபி, பிரெஞ்சு எழுத்துகளோடு 'திஃபினாக்' என்ற இன்னொரு எழுத்தும் இருந்தது. அது அமாஸிக் மக்களின் எழுத்து. 2011ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில்தான் அவர்கள் மொழியும் ஆட்சி மொழியானது என்று பெருமையாகச் சொன்னார். 1960களில் ஜான் பிரான்சுவா ஸெவாக்கோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த தபால் நிலையத்தைக் காட்டினார். பூச்சு வேலை இல்லாத கான்கிரீட். சிவில் மாணவன் அல்லவா, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன்.

"அண்ணே, இந்த நாட்டில் எல்லாம் பழைய ஊர்கள் என்று படித்தேன். இங்கே பழைய கட்டடம் ஒன்றுகூடக் காணோமே?" என்று கேட்டேன்.

"மேலே போய்ப் பேசலாம்" என்றார்.

2022இல் திறந்த ரோப் காரில் மலை உச்சிக்குப் போனோம். அங்கே 'அகாதிர் உஃபெல்லா' என்ற கோட்டை. 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. மலைச்சரிவில் 'இறைவன், தாய்நாடு, அரசர்' என்று பிரம்மாண்டமான அரபி எழுத்துகள். இரவில் விளக்குப் போடுவார்களாம். கீழே நகரமும் துறைமுகமும் படம் வரைந்ததுபோலத் தெரிந்தன. அங்கே நின்றுதான் சொன்னார்.

1960ஆம் ஆண்டு பிப்ரவரி 29. ரமலான் மாதம் தொடங்கி சில நாட்களே ஆகியிருந்தன. இரவு மணி 11.40. ஜனங்கள் வீட்டுக்குள் இருந்த நேரம். பூமி சுமார் பதினைந்து விநாடி ஆடியது. அவ்வளவுதான். பன்னிரண்டாயிரம் முதல் பதினைந்தாயிரம் பேர் வரை இறந்தார்கள். ஊரில் மூன்றில் ஒரு பங்கு ஜனம்! இந்தக் கோட்டைக்குள் குடியிருந்தவர்களில் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. கீழே 'தல்போர்ஜித்' என்ற பேட்டை அப்படியே உட்கார்ந்துவிட்டது. புதிதாகக் கட்டிய பெரிய ஓட்டல்கூட மிஞ்சவில்லை.

நான் உடனே கேட்டேன்: "ரிக்டர் எவ்வளவு?"

"5.7."

"5.7தானா? அது நடுத்தரம்தானே! அதுக்கா இவ்வளவு சேதம்?"

பரீட்சையில் ஒரு மார்க் கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது. ஒன்றும் பேசாமல் கோட்டைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தப்பு செய்தேன் என்றே புரியவில்லை.

கீழே இறங்கியதும் கடைகளோ பூங்காவோ காட்டவில்லை. ஒரு வெட்டவெளிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊர் நடுவில் அவ்வளவு பெரிய இடம் சும்மா கிடக்கிறது. புதர், மண், நாலைந்து மரம்.

"இதுதான் பழைய தல்போர்ஜித். எங்க அம்மாவுக்கு அப்போ ஆறு வயசு. அவங்களை மட்டும் வெளியே எடுத்தாங்க. பாட்டியும் ரெண்டு மாமாக்களும் இதுக்குக் கீழேதான் இருக்காங்க. எந்த இடம்னு தெரியாது. நோய் பரவும்னு பயந்து ரெண்டு நாள்ல ஊரையே காலி பண்ண வெச்சுட்டாங்க. அதனால இங்க வீடு கட்டல."

அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "தாத்தா அன்னைக்குக் கிராமத்துக்குப் போயிருந்தார். அவர் கொத்தனார். விழுந்த வீடு அவர் கையால கட்டின வீடு."

நண்பர்களே, என் அப்பாவும் கொத்தனார். அந்த வெயிலில் என் உடம்பெல்லாம் சில்லிட்டது. "மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன். "5.7தானான்னு கேட்டிருக்கக் கூடாது."

"இல்லை, கேட்கணும். ஏன்னு நீதான் எனக்குச் சொல்லணும். படிக்கிற பையனாச்சே?" என்றார்.

யோசித்து யோசித்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். நில அதிர்வின் அளவு வேறு, ஓர் இடத்தில் அதன் தீவிரம் வேறு. தூரத்துக் குவாரியில் வைக்கும் பெரிய வெடியைவிட, நம் திண்ணைக்கு அடியில் வைத்த சின்ன வெடி அதிகம் நாசம் செய்யும். அன்று அதிர்வு ஊருக்கு அடியிலேயே, ஆழம் குறைந்த இடத்தில் ஏற்பட்டது. கல்லும் வலுவில்லாத கலவையும் வைத்த சுவர், மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் ஆட்டினால் பிரிந்துவிடும். கான்கிரீட் கட்டடங்களையும் அன்றைக்கு நிலநடுக்கத்தைக் கணக்கில் வைத்துக் கட்டவில்லை.

"அப்போ தாத்தா தப்பு பண்ணலையா?"

"அவருக்குத் தெரிஞ்சதை ஒழுங்காத்தான் செஞ்சிருக்கார். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரலை."

கொஞ்ச நேரம் நின்றார். "தாத்தா இருந்தப்போ நீ வந்திருக்கணும்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

புதிய அகாதிரைப் பழைய ஊருக்குத் தெற்கே தள்ளிக் கட்டினார்கள். அதற்கென்றே நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட விதிகளையும் வகுத்தார்கள். தாத்தாவும் அந்த வேலைக்குப் போனாராம். வயதான காலத்தில் கம்பி கட்டக் கற்றுக்கொண்டாராம். 2023 செப்டம்பர் 8ஆம் தேதி இரவு, வடகிழக்கே மலைப்பகுதியில் 6.8 அளவில் நிலநடுக்கம் வந்து மூவாயிரம் பேர் வரை இறந்தபோது, அகாதிரிலும் வீடுகள் ஆடின. "அம்மா தெருவுல உட்கார்ந்து விடிய விடிய உள்ளே வரமாட்டேன்னுட்டாங்க. ஆனா எங்க வீடு நின்னுச்சு" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் அப்பா வேலை செய்யும் சைட்டுக்குப் போனேன். தூணுக்குக் கட்டும் ரிங்குகளைப் பார்த்தேன். முனை 90 டிகிரியில்தான் மடங்கியிருந்தது. 135 டிகிரி மடக்கி, முனையைத் தூணின் உள்பக்கம் விடவேண்டும் என்றும், தூணும் பீமும் சேரும் இடத்தில் ரிங்கை நெருக்கிக் கட்டவேண்டும் என்றும் படித்திருக்கிறேன். பரீட்சையில் படமும் போட்டிருக்கிறேன். அப்பாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

சொன்னேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இருவத்தஞ்சு வருசமா கட்டுறேன். நான் கட்டுனதுல எதுடா விழுந்துச்சு?"

அந்தத் தாத்தாவும் அன்றிரவு 11.39 வரை இதையேதான் சொல்லியிருப்பார். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்டவெளியைப் பற்றி மட்டும் சொன்னேன். அப்பா சாந்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "அந்தப் பெரியவரு அப்புறம் என்ன வேலை பாத்தாரு?" என்றார்.

"மறுபடியும் கட்டட வேலைக்குத்தான்பா போனாரு. கம்பி கட்டக் கத்துக்கிட்டாரு."

அப்பா பதில் பேசவில்லை. மறுநாள் காலை கம்பி கட்டுபவரிடம், "முனையை இன்னும் உள்ள மடக்குப்பா, பையன் சொல்றான்" என்றாராம். அவர் முணுமுணுத்தாராம். "புஸ்தகத்துல ஆயிரம் இருக்கும்" என்று வீட்டுக்காரர் சிரித்தாராம். அப்பா விடவில்லை. இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நண்பர்களே, நாம் வரைகிற ஒவ்வொரு கோட்டுக்கும் அடியில் யாரோ தூங்கப் போகிறார்கள். அந்த வரைபடத்தைக் கையில் வாங்கிக் கட்டப்போகிறவர் நம் அப்பாவாகவும் இருக்கலாம். மார்க்குக்காகப் படித்ததை, வீட்டில் இருக்கிறவர்களுக்கு அவர்கள் மனம் நோகாமல் சொல்லவும் கற்றுக்கொள்வோம். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்த அகாதிர் அண்ணனுக்கு இந்த மலரின் ஒரு பிரதியை அனுப்பப் போகிறேன். தமிழ் அவருக்குத் தெரியாது. 'அண்ணே' என்ற ஒரு வார்த்தையை மட்டும் மாமா படித்துக் காட்டினால் போதும்.