சிக்ஸ் பை சிக்ஸ்

கண் பரிசோதனைச் சீட்டில் 6/6 என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டதும் கண்ணில் குறையே இல்லை என்று நிம்மதி அடைவோர் பலராயினும், அக்குறியீடு சொல்வது பார்வைக் கூர்மையை, அதாவது நெருங்கியிருக்கும் இரு விளிம்புகளை ஒன்றாகக் கலந்துவிடாமல் பிரித்தறியும் திறனை மட்டுமே. மேலுள்ள எண், எழுத்துப் பலகைக்கும் பார்ப்பவருக்கும் இடையேயுள்ள தொலைவை மீட்டரில் குறிக்கிறது. கீழுள்ளது அதே எழுத்தை இயல்பான கண் படித்துவிடும் தொலைவு. எனவே 6/60 என்றால், பிறர் 60 மீட்டரிலிருந்து படிப்பதைச் சோதிக்கப்படுபவரால் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடிகிறது.

1862-இல் இப்பலகையை வகுத்த நெதர்லாந்துக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன், ஒரு பாகையை அறுபதாகப் பகுத்த கலை என்னும் கோண அளவைக் கொண்டு, முழு எழுத்தும் கண்ணில் 5 கலையும் அதன் கோடு 1 கலையும் அமையுமாறு கணக்கிட்டார். அதன்படி 6/6 வரிசையின் எழுத்து ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர் உயரம் கொண்டது. ரோமன் எழுத்துக்கு இசைந்த இக்கணக்கு தமிழ் எழுத்துக்கு எளிதில் இசைவதில்லை. ஒரே உயரத்தில் அச்சிட்டாலும் 'ட' பளிச்சென்று புலப்பட, சுழிகள் நெருங்கிய 'ண' மங்கிவிடுகிறது. ஆகவே எழுதப் படிக்கத் தெரியாதவருக்கென்று கருதப்படும், ரோமன் 'E' எழுத்தைத் திசை மாற்றி அச்சிட்ட பலகையே தமிழ் மட்டும் படித்தவருக்கும் நேர்மையான அளவுகோல் எனலாம்.

தேர்ந்த பரிசோதகர், எந்த வரிசை வரை படிக்கப்பட்டது என்பதைவிட எப்படிப் படிக்கப்பட்டது என்பதையே கூர்ந்து கவனிக்கிறார். இமைகளைச் சுருக்கிப் படிப்பவர், சிதறும் ஒளிக்கதிர்களைத் தம்மையறியாமலே தடுத்துப் பிம்பத்தைக் கூராக்கிக்கொள்கிறார். ஊசித்துளைத் தகட்டின் வழியே பார்க்கச் செய்வதும் இதே வேலையைத்தான் செய்கிறது. துளை வழியே எழுத்துத் தெளிந்தால் கண்ணாடியால் திருத்தக்கூடிய குறை என்று கொள்ளலாம்; தெளியாவிட்டால் புரையோ விழித்திரைக் கோளாறோ இருக்கக்கூடும் என்று தேட வேண்டும்.

தொடக்கநிலைப் புரை உள்ளவர், வெள்ளைப் பலகையின் கரிய எழுத்துகளைத் தடுமாறாமல் படித்துவிட்டு, இரவில் எதிர்வரும் வண்டியின் விளக்கொளியில் சாலையையே காணாமல் தவிப்பதுண்டு. கண் நீர் அழுத்த நோயோ, பெரும்பாலும் நடுப்பார்வையை விட்டுவைத்துப் பக்கப்பார்வையை அரித்துக்கொண்டே போவதால், நோய் வெகுவாக முற்றும்வரை 6/6 மாறாமல் நிற்கக்கூடும். அதனாலேயே கடைசி வரிசை படிக்கப்பட்ட பின்பும், பரிசோதகர் ஒவ்வொரு கண்ணாக மறைக்கச் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து விரல்களைக் கொண்டுவந்து பார்ப்பதும், கண்ணின் அழுத்தத்தை அளப்பதும், பார்வை நரம்பின் முகப்பை உற்றுநோக்குவதும் தேவையாகின்றன.