தொடாமலே தெரிந்த சூடு

ராத்திரி எட்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மணல் ஆறிப் போயிருக்கும். பக்கத்தில் கிடக்கும் கருங்கல் அம்மி மட்டும் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். இந்த அம்மி சாஸ்திரத்தை வைத்துத்தான், எட்டாத தூரத்திலுள்ள சிறுகோள்களின் மேனி மணலா, பாறையா என்று கணக்கிடுகிறார்கள் விஞ்ஞானிகள்!

பென்னு என்று ஒரு சிறுகோள். குறுக்களவு சுமார் 490 மீட்டர். அது சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறுவதைத் தொலைவிலிருந்தே அளந்து, "மணல்வெளிதான்" என்று நம்பினார்கள். அங்கே மண் அள்ளி வர, அமெரிக்காவின் நாஸா 2016-ல் ஒஸைரிஸ்-ரெக்ஸ் என்ற விண்கலத்தை அனுப்பியது. 2018 டிசம்பரில் அது கிட்டே போய்ப் பார்த்தால், ஐயையோ! எங்கு பார்த்தாலும் பாறாங்கற்கள்! 50 மீட்டர் அகலச் சமதரையை எதிர்பார்த்தவர்களுக்குக் கடைசியில் வாய்த்தது 16 மீட்டர்தான். கொஞ்சம் பிசகினால் கலம் பாறையில் மோதிவிடும்.

ஆனால் அளவு பொய் சொல்லவில்லை. அந்தப் பாறைகளுக்குள் இட்லியைப் போல எத்தனையோ நுண்துளைகள். அதனால்தான் மணலைப் போலச் சட்டென்று ஆறின. கலத்திலிருந்த இன்னொரு கருவி, பென்னுவில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்து, நீர் சேர்ந்த களிமண் அங்கே இருப்பதாகச் சொல்லிற்று. 2020 அக்டோபரில் கலத்தின் கை மண்ணை அள்ளியது. 2023 செப்டம்பரில் பூமிக்கு வந்து சேர்ந்த 121.6 கிராமில் அந்தக் களிமண் இருக்கத்தான் இருந்தது!

எனக்கு இதில் ஒரு பாடம் மிகவும் பிடித்தது. சட்டென்று சூடாகிச் சட்டென்று ஆறிவிடும் மனிதர் உங்கள் வீட்டிலும் இருப்பார். வெறும் மணல்தானே என்று அலட்சியமாகக் கால் வைத்துவிடாதீர்கள்!