கொல்லிமலையில் ஒரு சர்க்கரைக்கொல்லி

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளிக்கு வந்துவிட்டால் மலைப்பாதை தொடங்கிவிடும். அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு புரட்டுகிறவர்கள் கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வது நல்லது.

மேலே போனால் பலா, மிளகு, காப்பித் தோட்டங்கள், அறப்பளீஸ்வரர் கோயில். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, மறுபடி ஏறி வர வேண்டும். ஏறி வந்த கால்களுக்கு இதமாக, சுடச்சுட முடவாட்டுக்கால் சூப் கிடைக்கும். இவ்வளவையும் ரசிக்கிற கூட்டம், புதர்களில் சுற்றி ஏறும் ஒரு கொடியைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறது.

அதுதான் சிறுகுறிஞ்சான். இலைகள் எதிரெதிராக இருக்கும். தொட்டால் மெல்லிய ரோமம் தட்டுப்படும். பூ சின்னது, மஞ்சள் நிறம். இதற்கு இன்னொரு பெயர் சர்க்கரைக்கொல்லி. கொல்லிமலையில் சர்க்கரைக்கொல்லி! பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்.

இதன் இலையை மென்றால் முதலில் கசக்கும். அதன்பின் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைத் தின்பதுபோல இருக்கும். உப்பும் புளிப்பும் வழக்கம்போலத் தெரியும். இனிப்பு மட்டும் காணாமல் போகும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் சுவை திரும்பிவிடும். இந்த வித்தைக்குக் காரணமான பொருளை 1887-ல் ஆராய்ந்து எழுதியவர் டேவிட் ஹூப்பர். ஊட்டியில் சென்னை மாகாண அரசின் கொய்னா ஆய்வாளராக இருந்தவர். அவர் அதற்கு வைத்த பெயர் ஜிம்னெமிக் அமிலம்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இனிப்பு தெரியாததால் சர்க்கரையே உடம்பில் சேராது என்று நினைத்து, பாயசத்தை இரண்டு டம்ளர் குடிப்பவர்கள் உண்டு. ஏமாறுவது நாக்குதான், குடித்த பாயசம் ரத்தத்துக்குப் போகத்தான் செய்யும்.

சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கு இந்த இலையைப் பயன்படுத்துகிறார்கள். ரத்தச் சர்க்கரையைக் குறைக்க உதவுவதாகச் சிறிய அளவிலான ஆய்வுகளும் சொல்கின்றன. மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு அவை போதாது. மலைக்குப் போன பெரியவர் பொடி பாக்கெட்டோடு திரும்பி, மறுநாளே மாத்திரையைத் தூக்கிப் போட்டால் சர்க்கரை எகிறிவிடும். மாத்திரை அல்லது இன்சுலினோடு பொடியையும் சேர்த்துக்கொண்டால், அளவுக்கு மீறி இறங்கிவிடவும் கூடும். வியர்வை, கை நடுக்கம், கிறுகிறுப்பு என்றால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். பொடி சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கொடியைப் பார்த்ததும் பிடுங்கி வரவும் வேண்டாம். பச்சைக் கொடிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அடையாளம் தெரிந்த மலைவாசி ஒருவர் கூட இருந்தால், ஓர் இலையை மென்று பார்க்கலாம். வேர் மண்ணிலேயே இருக்கட்டும்.