பாலத்து ஏத்தத்துல எரிஞ்ச விளக்கு

எங்கிட்ட இருக்கிறது பழைய டாடா 407. இந்த ரகம் 1986-ல வந்தது. என்னோடது மூணு கை மாறி வந்த வண்டி. உச்சிப்புளி பக்கத்துத் தோப்புகள்ல தேங்காய் ஏத்தி ராமேஸ்வரத்துல இறக்குறதுதான் இதுக்கு முக்கிய வேலை. பாம்பன் ரோட்டுப் பாலம் நடுவுல மேல தூக்கிக் கட்டியிருக்கும், பாத்திருப்பீங்க. போன மாசம் லோடோட அந்த ஏத்தத்துல போறப்ப ஆயில் விளக்கு சிவப்பா எரிஞ்சது. காலைத் தளர்த்தினதும் அணைஞ்சது. மெதுவா உருட்டிக்கிட்டே பாலத்தைத் தாண்டி ஓரங்கட்டிட்டேன்.

கார் வச்சிருக்கிறவங்களுக்கும் சேத்துச் சொல்றேன், ஹீட் முள் ஏறினாக்கூட யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஆயில் விளக்கு அப்படி இல்ல. கிராங்கும் பேரிங்கும் உரசாம நடுவுல நிக்கிறது மெல்லிசான ஆயில் படலம். அழுத்தம் போனா அதுவும் போச்சு, கொஞ்ச நேரத்துல பேரிங் உருகிரும்.

குச்சியை உருவிப் பாத்தேன். அளவு சரியா இருந்துச்சு. தண்ணி கலந்தா பால் காப்பி நிறத்துல இருக்கும்; அதுவும் இல்ல. டீசல் வாடையும் இல்ல.

ஒரு பட்டறையில கேட்டதுக்கு, எட்டிக்கூடப் பாக்காம, "இன்ஜினை இறக்கணும், கிராங்க் அரைக்கணும்"னாங்க. சொன்ன தொகை வண்டியை வித்தா வர்ற காசுல பாதி. எனக்கு அது ஒப்பல. பேரிங் தேஞ்சிருந்தா இன்ஜின் சூடாகி ஸ்லோவுல நிக்கிறப்பதான் விளக்கு எரியும், ரேஸ் குடுத்தா அணையும். என் வண்டி தலைகீழா இருக்கு. கிணத்து மோட்டார் புட்வால்வுல பாசி அடைச்சா எப்படி? வேகமா உறிஞ்சும்போது வந்து அப்பிக்கும், மோட்டாரை நிறுத்தினா விழுந்துரும். இங்கயும் ஆயில் உறிஞ்சுற வலையிலதான் கோளாறுன்னு பட்டுச்சு.

இன்னொரு சந்தேகமும் உண்டு. உப்புக்காத்துல சேம்பர் அரிச்சுப்போய் ரெண்டு வருசம் முன்னாடி வேற சேம்பர் மாட்டினாங்க. பேக்கிங்கைச் சுத்திப் பசை வழியுற அளவுக்குத் தடவியிருந்தது வெளியவே தெரிஞ்சுச்சு. வெளிய அவ்வளவு பிதுங்கினா உள்ள எவ்வளவு பிதுங்கியிருக்கும்?

அக்கா மகன் லீவுல வந்திருந்தான். வண்டிக்கு அடியில கனமான மரக்கட்டைகளை முட்டுக் குடுத்தோம். "ஜாக்கி போதாதா மாமா?"ன்னான். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்கவே கூடாது. ஆயிலை வடிச்சு, சேம்பரை இறக்கினா, வலை முழுக்கச் சாம்பல் நிறத்துல புழு புழுவாப் பசை! பாதிக்கு மேல அடைப்பு. சேம்பர் அடியில காந்தத்தை ஓட்டிப் பாத்தோம், இரும்புத்தூள் இல்ல. பேரிங் தேஞ்சா செம்பு நிறத்துலயோ வெள்ளி மாதிரியோ மினுக்குத் தூள் கிடக்கும், அது காந்தத்துல ஒட்டாது. அதனால மிச்ச ஆயிலை வெள்ளைத் துணியில வடிகட்டினோம். மினுக்கு இல்ல. அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

வலையை டீசல்ல கழுவிக் காய வச்சோம். சேம்பரைத் துடைச்சு, வெளிப்பக்கம் ரெட் ஆக்சைடு அடிச்சோம். புது கார்க் பேக்கிங், பசை பேருக்குத்தான். போல்ட்டுகளை நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். பலம் காட்டினா கார்க் பிதுங்கிரும். புது ஃபில்டர், புது ஆயில். ஸ்டாப் கேபிளை இழுத்துப் புடிச்சுக்கிட்டு, விளக்கு அணையுற வரை விட்டு விட்டு செல்ஃப் அடிச்சு, அப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணினோம்.

கழிவு ஆயிலைக் கேன்ல புடிச்சு, வாங்குற ஆள்கிட்டயே குடுத்தாச்சு. எங்க கடலோரத்துல உப்புத்தண்ணிக்கு மேல மெல்லிசா மிதக்குறதுதான் நல்ல தண்ணி. மணல்ல ஊத்தினா நேரா அதுக்குத்தான் போகும்.

நாலு லோடு அடிச்சாச்சு, விளக்கு எரியல. நேத்து ஃபில்டரைக் கழட்டி அறுத்துப் பாத்ததுல பசைத் துணுக்கு ரெண்டு கிடந்துச்சு. இன்னொரு தடவை சேம்பரை இறக்கிப் பாக்கணும்னு மருமகன் நிக்கிறான். ஐப்பசி மழைக்கு முன்னாடி இறக்கலாம்னு சொல்லியிருக்கேன்.