நீரில்லாக் கடலில் ஒரு விடுமுறை

கடலுக்கடியில் இறங்கிப் பார்ப்பதற்கென்றே விடுமுறை எடுத்துக்கொண்டு உலகின் மறுகோடிவரை செல்வோர் இன்று பலர். 1943இல் ஜாக் கூஸ்தோ, எமில் கன்யான் என்ற பிரெஞ்சுக்காரர் இருவர், முதுகில் சுமந்து செல்லும் சுவாசக் கருவி ஒன்றை அமைத்தனர். அதுவரை கடலடிக்குப் போக வேண்டுமானால் பெரும்பாலும் கனத்த தலைக்கவசமும் மேலிருந்து வரும் காற்றுக்குழாயும் வேண்டும். இல்லையேல் நம் முத்துக்குளித்துறைப் பரதவரைப்போல் கல்லைத் துணைகொண்டு, மூச்சை அடக்கி இறங்க வேண்டும். பரதவர் இறங்கியது வயிற்றுக்காக. இன்று ஸ்கூபா கருவியோடு இறங்குவோர் கண்ணுக்காக இறங்குகின்றனர். வேறுபாடு சிறியதன்று.

கரீபியன் கடலில், வெனிசுவேலா நாட்டுக்கு வடக்கே, போனேர் என்றொரு சிறு தீவு உண்டு. நெதர்லாந்தின் ஆட்சிக்கு உட்பட்டது. கரையிலிருந்து சில அடிகள் நீந்தினாலே பவளப்பாறை தொடங்கிவிடுமாம். 1979இல் தீவைச் சுற்றிய கடல் முழுவதையும், கரையோரம் தொட்டு 60 மீட்டர் ஆழம்வரை, காப்பகமாக அறிவித்தனர். இறங்குவோர் இயற்கைப் பாதுகாப்புக்கென்று கட்டணம் செலுத்த வேண்டும். கையுறை அணியக் கூடாது. அணிந்தால் பவளத்தைப் பற்றிக்கொள்ளத் துணிவு வந்துவிடும் என்பது காரணம். எதையும் தொடலாகாது, எதையும் எடுத்து வரலாகாது.

இவற்றையெல்லாம் நமக்குச் சொன்னவர் நம் பங்கில் பிறந்து வளர்ந்து, இன்று நெதர்லாந்தில் கணினிப் பணி செய்யும் இளைஞர் ஒருவர். அங்குள்ள ஒரு சிறு விடுதியில் இரண்டு வாரம் தங்கி நாள்தோறும் கடலில் இறங்கிவிட்டு, அடுத்த மாதம் தங்கையின் திருமணத்துக்காக ஊர் வந்திருந்தார். ஒரு மாலை தந்தையோடு பங்கு இல்லத்துக்கு வந்து தம் கைப்பேசியில் படங்களைக் காட்டினார். மூளையின் மடிப்புகளைப் போன்ற பவளம், கிளிமீன்கள், கடல் விசிறிகள், அசையாமல் மிதக்கும் ஓர் ஆமை. ஆழம் பத்து மீட்டர் கூடுந்தோறும் ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் உடல்மீது ஏறும் என்றும், மேலே வரும்போது அவசரப்பட்டால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி ஆளையே வீழ்த்திவிடும் என்றும் விளக்கினார். இறுதியில் குரலைத் தாழ்த்தி, "செத்த சிப்பி ஒன்றைக்கூட எடுத்து வரக் கூடாது, ஃபாதர். அவ்வளவு கண்டிப்பு" என்றார்.

அதுவரை வாய் திறவாதிருந்த தந்தை கேட்டார்: "ஒரு சிப்பிக்கே அப்படியா? நாங்க முப்பது வருசம் லாரி லாரியா ஏத்தி அனுப்பினோமே சாமி, எங்களுக்கு என்ன தண்டம் போடுவாங்களாம்?"

மூவரும் சிரித்தோம். மகனுக்கு அக்கேள்வியின் முழுப்பொருள் விளங்கவில்லை என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது. தந்தை அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். தாம் உடைத்த கல் எது என்பதை அவர் அறிவார். பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாக அதைப் படித்துத் தேர்வெழுதிப் போன மகன் அறியவில்லை. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் மூவருமாகப் புறப்பட்டோம்.

வாசகர் பலர் நம் இரு மாவட்டங்களை வறண்ட பூமி என்றே அறிவர். அரியலூரிலிருந்து கடற்கரை இன்று நேர்கோட்டில் 80 கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் இந்தியா தென்கண்டங்களிலிருந்து பிரிந்து வடக்கு நோக்கி நகரத் தொடங்கிய ஊழியில், நம் கிழக்கோரம் தாழ்ந்து கடல் உள்ளே புகுந்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்த அந்தக் கடல், முன்னேறியும் பின்வாங்கியும், 6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை இங்கே அலையடித்துவிட்டுப் போயிற்று. அது விட்டுச்சென்ற சேறும் மணலும் சிப்பியும் பவளமுமே நம் காலடியில் பாறையாகக் கிடக்கின்றன. 1840களில் கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேய அலுவலர் இங்குச் சேர்த்த கற்சிப்பிகள் இலண்டன் அறிஞரை வியக்க வைத்தன. ஹென்றி பிளான்ஃபோர்டு இந்நிலத்தை அளந்து 1862இல் நூல் வெளியிட்டு, பாறைத் தொகுதிகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே சூட்டினார். இங்குக் கிடைத்த உயிரினங்களை ஆண்டுக்கணக்கில் வகைப்படுத்தி எழுதிய ஸ்டோலிக்ஸ்கா, இன்றைய செக் நாட்டில் பிறந்தவர். 1874இல் இமயப் பயணத்தில் இறந்து லேயில் அடக்கமானவர். அரியலூர் என்ற சொல்லை நம்மவர் சிமென்ட் மூட்டையில் படிப்பதற்கு வெகுமுன்பே உலகப் புவியியலார் நூல்களில் படித்துவிட்டனர்.

முதலில் சாத்தனூருக்குச் சென்றோம். 18 மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் கல்மரத்தை அங்கே வேலியிட்டுக் காத்து வருகின்றனர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் இதை உலகுக்கு அறிவித்தார். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று கணித்துள்ளனர். கரையில் நின்ற மரம் நீரோடு வந்து கடலடிச் சேற்றில் புதைந்து கல்லாயிற்று. மரத்தின் நார் ஓட்டம்கூடக் கல்லில் தெரிகிறது. இளைஞர் தொட்டுப் பார்க்கக் கை நீட்டி, பழக்கத்தால் சட்டெனப் பின்னிழுத்துக்கொண்டார்.

அங்கிருந்து காரை. மழைநீர் அரித்து அரித்துப் பள்ளமும் முகடுமாய்க் கிடக்கும் செம்மஞ்சள் களிமண் வெளி, புல்லும் அரிது. கண்ணாடிச் சில்லுகள் சிதறியதுபோல் ஜிப்சம் மின்னுகிறது. குனிந்து நடந்தால் துப்பாக்கித் தோட்டா வடிவில் சிறு கற்கள். அவை பெலம்னைட் என்னும், கணவாய்க்கு உறவான உயிரியின் உள்கூடு. ஆட்டுக்கொம்பைப்போல் சுருண்டவை அம்மோனைட்டுகள். சுறாவின் பற்களும் இங்குக் கிடைத்துள்ளன. யோபுவிடம் ஆண்டவர் அடுக்கும் கேள்விகளுள் ஆழியின் அடியில் உலவியதுண்டா என்பதும் ஒன்று. நாம் அன்று செருப்புக் காலோடு உலவினோம். ஆயினும் தண்ணீர் வடிந்து பல கோடி ஆண்டு கழித்து.

போனேரில் ஒருமுறை இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் காற்று தீர்ந்துவிடுமாம். காரையில் அரை நாள் இருந்தோம். குடிதண்ணீர்தான் தீர்ந்தது.

சுறாப்பல் என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. 1666ஆம் ஆண்டு அக்டோபரில் இத்தாலியின் லிவோர்னோ அருகே மீனவர் பெருஞ்சுறா ஒன்றைப் பிடித்தனர். அதன் தலையை அறுத்து ஆராயும் பணி ஃபுளோரன்ஸ் நகரிலிருந்த நிக்கொலாஸ் ஸ்டேனோ என்ற டென்மார்க் மருத்துவரிடம் வந்தது. அக்காலத்தில் மால்டாத் தீவில் பாறைக்குள்ளிருந்து கிடைக்கும் முக்கோணக் கற்களை 'நாக்குக் கற்கள்' என்பர். புனித பவுல் அத்தீவில் பாம்புக்கடிக்குத் தப்பியபோது கல்லாய்ப்போன பாம்பு நாக்குகள் அவை என்பது மக்கள் நம்பிக்கை. சுறாவின் வாயைத் திறந்து பார்த்த ஸ்டேனோ, அவை நாக்கல்ல, இதே பல்தான் என்றார். கடலுயிரின் பல் மலைப்பாறைக்குள் எப்படிப் புகுந்தது? பாறை முன்பு சேறாக இருந்திருக்க வேண்டும்; அடுக்கடுக்காகப் படிந்திருக்க வேண்டும்; கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது. 1669இல் அவர் எழுதிய இந்த எளிய உண்மையின்மேல்தான் புவியியல் நிற்கிறது. லூத்தரன் குடும்பத்தில் பிறந்த அவர் 1667இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, பின்னர் குருவாகி, 1677இல் ஆயரானார். 1988இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். நம் பங்குகளில் அவருக்கு ஒரு சுரூபமும் இல்லை. அரியலூர் மண்ணிலாவது இருக்கலாம்.

நோவாவின் வெள்ளத்தில் வந்த சிப்பிகள்தாமே இவை என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. ஸ்டேனோவே சில அடுக்குகளை அந்த வெள்ளத்தோடு பொருத்திப் பார்த்தவர்தாம். ஆகவே பிள்ளைகளைக் கடிந்துகொள்வதற்கில்லை. ஆனால் கல்லங்குறிச்சிச் சுரங்கச் சுவரைப் பார்த்தால் விடை தானே கிடைக்கும். உள்ளங்கை அகலச் சிப்பிகள் அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. இறந்த சிப்பியின் ஓட்டின்மேல் குஞ்சுச் சிப்பி ஒட்டி வளர்ந்து, அதுவும் முதிர்ந்து மடிந்து, அதன்மேல் வேறொன்று. தாத்தனின் முதுகில் பேரன் குடியிருந்த ஊர் அது. நாற்பது நாள் வெள்ளம் இவற்றைக் கொண்டுவந்து கொட்டலாம். இப்படித் தலைமுறை தலைமுறையாக வளர்க்க இயலாது. விவிலியம் படைப்பின் நாட்களைச் சொல்வது நாட்காட்டி காட்டுவதற்காக அன்று என்று நாம் குருமடத்தில் கற்றோம். கல்லங்குறிச்சியில் அதற்குப் பாடநூல் வேண்டியதில்லை.

அந்தச் சுரங்கத்துக்குத்தான் பிற்பகலில் தந்தை எங்களை அழைத்துச் சென்றார். வெட்டி முடித்துக் கைவிட்ட ஒரு குழியின் விளிம்பில் நின்றோம். சுவர் படிப்படியாக இறங்குகிறது. இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, இது ரீஃப் மாதிரியே இருக்கு" என்றார்.

"மாதிரி என்னடா? அதேதான்" என்றார் தந்தை. "கடப்பாரையில நெம்பினா ரெட்டைச் சிப்பி மூடினபடியே வரும். மொதல்ல ரெண்டு மூணு வீட்டுக்குக் கொண்டாந்தேன். ஒங்கம்மா ஊறுகாச் சாடி மேல வச்சா. அப்புறம் யாரு கொண்டாருவா? ஒரு லாரியில எத்தனை இருக்கும்னு எண்ணவா முடியும்? அந்த லாரிதான் ஒன்னயப் படிக்க வச்சிச்சு."

இதற்கு மேல் இந்தப் பொருளில் நாம் அறச்சீற்றம் கொள்வதற்கில்லை. சுண்ணாம்புக்கல் என்பதே பெரும்பாலும் மடிந்த கடலுயிர்களின் ஓடு. அதைக் களிமண்ணோடு சேர்த்து, 1400 பாகைக்கு மேலான வெப்பத்தில் சுட்டு அரைத்தால் சிமென்ட். டால்மியாபுரத்தில் 1939இலும், அரியலூரில் அரசின் ஆலையாக 1979இலும் தொடங்கிய இத்தொழில் இல்லையேல், வானம் பார்த்த இந்த மண்ணில் எத்தனை குடும்பங்கள் பிழைப்புக்காக ஊர்விட்டுப் போயிருக்கும்? நம் ஆலயத்தின் கூரையும் கெபியின் மேடையும் இந்தச் சிமென்ட்டே. பிளான்ஃபோர்டு ஓடைக்கரைகளில் துண்டு துண்டாகக் கண்டதை இன்றைய ஆய்வாளர்கள் சுரங்கச் சுவரில் முழுதாகக் காண்கின்றனர் என்பதும் உண்மையே. வெட்டுவதால் தெரிகிறது, வெட்டுவதாலேயே இல்லாமலும் போகிறது.

உயிரோடிருக்கும் பவளத்தையே சூளைக்கு அனுப்பியவர்கள் நாம். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை ஆண்டுக்கணக்கில் வெட்டி எடுத்தனர். அங்கிருந்த 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு கடலில் அமிழ்ந்து போயின. அவற்றுக்கு அரணாயிருந்த பவளத்தை எடுத்ததும் அதற்கு ஒரு காரணம் என்பர். போனேரின் கரைமேடுகளும் பழைய பவளப்பாறைகளே. அவர்கள் தங்கள் கடலைக் காத்து விருந்தாளிகளை அழைத்துப் பிழைக்கின்றனர். நாம் நம் கடலைச் சுட்டு வீடு கட்டிப் பிழைத்தோம். இரண்டும் பிழைப்புத்தான். ஆனால் எதைச் சுடுகிறோம் என்று தெரிந்து சுடுவதற்கும் தெரியாமல் சுடுவதற்கும் வேறுபாடு உண்டு என்று நாம் எண்ணுகிறோம். கல்லமேடு அருகே கிடைத்த மாபெரும் டைனோசரின் எலும்புகளை 1987இல் அறிவித்தனர். அவை காக்க இயலாமல் பொடிந்துபோயின. இன்று எஞ்சியிருப்பவை வரைபடங்களும் சில நிழற்படங்களுமே. 2020இல் குன்னம் அருகே ஏரி தூர்வாரியபோது வெளிப்பட்ட உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் என்று ஊரே பேசியது. முட்டை அல்ல, கடற்படிவ உருண்டைகள் என்று ஆய்வாளர் விளக்கியதும் பேச்சு அடங்கிற்று. முட்டை என்றால் வியப்பு. கடல் என்றால் வியப்பில்லை! வாரணவாசியில் அரசு அமைத்த புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் பேருந்து பிடிக்கும் நம் அன்பியங்கள், போகும் வழியில் அங்கே ஒரு மணி நேரம் இறங்கலாம்.

வெயில் தாழ்ந்தது. குழியின் அடியில் மழைநீர் தேங்கி, பச்சை நிறத்தில் அசையாமல் கிடந்தது. நீருக்குள் இறங்கும் சுவரிலும் சிப்பிகள் தெரிந்தன. இளைஞர் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். கடலில் இறங்கச் சான்றிதழே வாங்கியிருப்பதாகவும், இருபது மீட்டர் ஆழம் தமக்கு வழக்கமென்றும் நம்மிடம் சொன்னார்.

"சட்டையப் போடு" என்றார் தந்தை. "இதுக்கு அடி எங்கன்னு எனக்குத்தான் தெரியும். போன வருசம் ஒரு பையன் போயிட்டான்."

மகன் பொத்தானை மாட்டிக்கொண்டார். இருட்டுவதற்குள் வீடு திரும்பினோம்.