7 கிலோ 200 கிராம் பருப்பு

மத்திய அரசின் ஏழாவது ஊதியக் குழு அறிக்கைக்குள் ஒரு மளிகைச் சிட்டை இருக்கிறது. 2015 நவம்பரில் அந்த அறிக்கை வந்தபோது எல்லோரும் புரட்டியது சம்பள விகிதங்களைத்தான். எங்கள் வீட்டில் அரசு உத்தியோகம் யாருக்கும் இல்லை. வீட்டுக்காரர் தனியார் கம்பெனியில் கணக்கெழுதுகிறார். எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சிட்டை மட்டும்.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறது. அரிசியோ கோதுமையோ 42.75 கிலோ. பருப்பு 7.2 கிலோ. காய்கறியும் கீரையும் எல்லாமாக 27 கிலோ. பழம் 10.8 கிலோ. பால் 18 லிட்டர். சர்க்கரை, வெல்லம் 5.04 கிலோ. எண்ணெய் 3.6 கிலோ. மீன் 2.5 கிலோ, கறி 5 கிலோ, முட்டை 90. துணி 5.5 மீட்டர். இதற்கெல்லாம் விலை போட்டு, வாடகை, எரிபொருள், பண்டிகைச் செலவு என்று மேலே மேலே சேர்த்துக்கொண்டு போய்த்தான், 2016 ஜனவரி முதல் கடைநிலை ஊழியருக்கு 18,000 ரூபாய் என்ற அடிப்படைச் சம்பளத்துக்கு வந்து நின்றார்கள்.

இதைத் தேட வைத்தது மாதக் கடைசிப் பேச்சு. மளிகைக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறோம், அது தாண்டும்போதெல்லாம் “அப்படி என்னதான் வாங்கறே?” என்று ஒரு கேள்வி வரும். நான்கு ரூபாய் மிச்சம் பிடிக்கத் தள்ளியிருக்கிற கடை வரை நடந்து போய்த் தேங்காய் வாங்குகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஒரு வீட்டுக்கு நியாயமாக எவ்வளவுதான் ஆகும், யாராவது கணக்குப் போட்டிருக்க மாட்டார்களா என்று அப்பாவிடம் புலம்பினேன். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “அதெல்லாம் எப்பவோ போட்டாச்சு கண்ணு. அய்க்ராய்டு கணக்குன்னு சொல்லுவாங்க. கேட் மீட்டிங்ல அதைச் சொல்லாத தலைவரே கிடையாது” என்றார். யார் அந்த அய்க்ராய்டு என்றால், ஏதோ தீர்ப்பு சொன்ன வெள்ளைக்கார ஜட்ஜாக இருக்கும் என்றார்.

சிட்டை கைக்கு வந்ததும் முதலில் செய்த காரியம், அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கடையில் நீட்டி விலை கேட்டதுதான். கடைக்காரர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு படித்தார். பருப்புக்கு வந்ததும் நிமிர்ந்தார். “ஏனுங்கக்கா, ஊட்ல ஏதாச்சும் விசேசமுங்களா?”

அவர் கேட்டதில் தப்பில்லை. மாமியாரையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர். துவரம்பருப்பு இரண்டு கிலோ, மாவுக்கு உளுந்து ஒன்றரை, பாசிப்பருப்பும் கடலைப்பருப்பும் அரை அரை. இதற்கு மேல் வாங்கியதில்லை. தொகை தாண்டும் மாதத்தில் முதலில் கை வைப்பதும் இதில்தான். சாம்பார் கொஞ்சம் தண்ணீராகும். யாரும் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள். சோறு குறைந்தால்தான் சத்தம் வரும். அரசாங்கம் மிகக் குறைவாகச் சம்பளம் வாங்குகிறவருக்குப் போட்ட கணக்கில், நான்கு பேருக்கே 7 கிலோ 200 கிராம்.

அதோடு இன்னொரு புதிரும் இருந்தது. 7.2 கிலோவை நான்கு பேருக்கும் முப்பது நாளைக்கும் வகுத்தால் 60 கிராம் வருகிறது. அறிக்கையோ ஆளுக்கு நாளைக்கு 80 கிராம் என்கிறது. மூன்றால் வகுத்தால்தான் 80 வரும். நான்கு பேர் குடும்பத்தில் யார் காணாமல் போனது?

இதற்கு விடை 1957-ல் இருக்கிறது. அந்த ஜூலையில் தில்லியில் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. குல்சாரிலால் நந்தா தொழிலாளர் அமைச்சர். அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் என்று மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து, தேவையை வைத்துத்தான் குறைந்தபட்சக் கூலி என்று ஒப்புக்கொண்டார்கள். சம்பாதிக்கிறவர் ஒருவர்; அவர் குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு. மனைவி பிள்ளைகள் சம்பாதித்தால் அதைக் கணக்கில் எடுக்கக்கூடாது. சாப்பாடு டாக்டர் அய்க்ராய்டு சொன்ன கலோரி அளவுப்படி. துணி, தலைக்கு வருஷத்துக்கு 18 கெஜம். நான்கு பேருக்கு 72 கெஜம். மீட்டராக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் ஊதியக் குழு போட்ட அதே 5.5 மீட்டர் வந்துவிடுகிறது. கெஜக்கோல் கடைகளை விட்டுப் போய் அறுபது வருஷம் தாண்டிவிட்டது. கணக்கு மட்டும் அதிலேயே அளந்துகொண்டிருக்கிறது.

அந்த மூன்று அலகு எப்படி வந்தது? ஆண் 1. பெண் 0.8. பிள்ளைகள் ஆளுக்கு 0.6. கூட்டினால் சரியாக 3. யாரும் காணாமல் போகவில்லை, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் கழிந்திருக்கிறார்கள்.

0.8 என்பதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லத்தான் வேண்டும். அடுப்படியில் நிற்பதும் நான், சிட்டை எழுதுவதும் நான், கடைசியில் முக்கால் ஆளுக்குக் கொஞ்சம் மேலே நான். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட அளவுகளை எடுத்துப் பார்த்தால், நடுத்தர உழைப்புள்ள ஆணுக்கு 2,710 கலோரி, பெண்ணுக்கு 2,130. வகுத்தால் 0.8-க்கு ஒரு மயிரிழை கீழேதான். 65 கிலோ உடம்பையும் 55 கிலோ உடம்பையும் வைத்துப் போட்ட கணக்கு. அதில் சண்டைக்கு இடமில்லை. சண்டை போட வேண்டிய இடம் வேறு. அந்த மூன்று அலகில் மாமியார் எங்கே? மாமனார், பெற்றோர், கட்டிக்கொடுக்காத நாத்தனார் எங்கே? 2019-ல் அனூப் சத்பதி தலைமையிலான குறைந்தபட்சக் கூலிக் குழு, மூன்று போதாது, 3.6 அலகாக்க வேண்டும் என்று எழுதியது. அதே கையோடு அய்க்ராய்டு கணக்கின் 2,700 கலோரியை 2,400 ஆக்கவும் சொன்னது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பது என்பது இதுதான்.

ஆட்களை இப்படிப் பின்னமாக்கும் வேலையைத் தொடங்கியவர் யார் என்று போனால் ஜெர்மனி வரை போகிறது. சாக்சனி நாட்டுப் புள்ளிவிவரக்காரர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-ல் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை அலசி, வீடு எவ்வளவு ஏழையோ அவ்வளவுக்குச் சம்பளத்தில் சாப்பாட்டின் பங்கு பெரிது என்று சொன்னார். பிற்காலத்தில் அவரே பிறந்த குழந்தையை 1 என்று வைத்து, வளர்ந்த ஆணை 3.5, பெண்ணை 3 என்று அளந்தார். நம் ஊர்ப் பஞ்சப்படியை ஏற்றி இறக்கும் விலைவாசிக் குறியீட்டிலும் அவர் சொன்னது தெரிகிறது: ஆலைத் தொழிலாளர் குறியீட்டில் 2001 வரிசையில் உணவுக்கு 46.2 பங்கு, 2016 வரிசையில் 39.17. எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டை வைத்துப் பார்த்தால் நாங்கள் இன்னும் 2001-ல்தான் இருக்கிறோம்.

அய்க்ராய்டு ஜட்ஜ் இல்லை. வாலஸ் அய்க்ராய்டு, டப்ளினில் பிறந்த டாக்டர். அவர் உட்கார்ந்து இந்தியச் சாப்பாட்டை அளந்த ஊர் தில்லியும் இல்லை, கல்கத்தாவும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து மேட்டுப்பாளையம் போய் மலையேறினால் வருகிற குன்னூர். இதைப் படித்த பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தவளிடம் காவலாளி, “நாய்க்கடிங்களாம்மா?” என்றார். ஊரில் எல்லோருக்கும் அந்த இடம் வெறிநாய்க்கடி மருந்துக்குத்தான் தெரியும். 1918-ல் அங்கே ஓர் அறையில் ராபர்ட் மெக்கேரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். மில்லில் தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்தவர்களைக் கால் மரக்க வைத்து, இதயத்தை வீங்க வைத்துக் கொன்ற நோய். வடக்கே ஆந்திரக் கடலோர ஜில்லாக்களில் அது அதிகம். நெல்லை வேகவைத்துக் குத்துகிற புழுங்கலரிசிக்காரர்கள் தப்பித்தார்கள், வேகும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால். மெக்கேரிசன் அதோடு விடவில்லை. இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டு வளர்த்தார். சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு தின்ற பஞ்சாப் எலி கொழுகொழுவென்று வளர்ந்தது. வரிசையில் கீழே வந்தவை வங்காள எலியும் மதராஸ் எலியும். இதை வைத்துச் சில இனம் வீர இனம், சில இனம் சோப்ளாங்கி என்று பேச அந்தக் கால வெள்ளைக்காரர்களுக்கு வசதியாகப் போயிற்று. எலி சொன்னது இனத்தைப் பற்றி அல்ல, தட்டைப் பற்றி.

1935-ல் அய்க்ராய்டு மெக்கேரிசனின் ஆய்வுக்கூடத்துக்கு இயக்குநராக வந்து பத்து வருஷம் இருந்தார். 1937-ல் ‘ஹெல்த் புல்லட்டின் 23’ என்ற சிறு நூல் வந்தது. இந்தியர் தின்னும் தானியம், பருப்பு, கீரை, காய் ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்ற அட்டவணை, அதை வைத்துத் திருப்தியான சாப்பாட்டைத் திட்டமிடுவது எப்படி என்ற விளக்கம். இன்றைக்கு டயட்டீஷியன்கள் கையில் வைத்திருக்கும் இந்திய உணவு அட்டவணைகளுக்கு அதுதான் மூதாதை. வங்காளப் பஞ்சத்தை விசாரித்த குழுவிலும் அவர் உறுப்பினர். செத்தவர்கள் 15 லட்சம் என்று அந்தக் குழு சொன்ன கணக்கும் அவர் போட்டதுதான். பிற்காலத்தில், அது குறைவு என்று அவரே எழுதினார். 1957-ல் தில்லியில் அவர் பெயரைச் சொல்லித் தீர்மானம் போட்டபோது அவர் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தில் இருந்தார். மறு வருஷம் ஆய்வுக்கூடமே குன்னூரைக் காலி செய்துகொண்டு ஹைதராபாத் போய்விட்டது. இப்போது அதன் பெயர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

கீழே மார்க்கெட்டில் ஒரு கடையில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர் கால் கிலோ துவரம்பருப்பும் பத்து ரூபாய்க்குக் கடுகும் வாங்கினார். விலைவாசிக் குறியீட்டுக்கு விலை எடுக்கும் ஊர்களில் குன்னூரும் ஒன்று. அந்தக் கால் கிலோவின் விலை எங்கோ ஒருவரின் பஞ்சப்படியை அசைக்கும். பருப்பு கால் கிலோதான் வாங்கினார் என்பது அதில் வராது.

குன்னூரிலிருந்து ஹைதராபாத் போன அதே நிறுவனம் 2024-ல் ஒரு புதிய வழிகாட்டி வெளியிட்டது. அதிலுள்ள மாதிரித் தட்டு 2,000 கலோரிக்கானது: தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காய்கறி 400 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. அந்த 85-ல் முட்டையும் கறியும் அடங்கும். சைவமென்றால் முழுக்கப் பருப்பு பயறுதான். இதை ஊதியக் குழுவின் சிட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். 475 கிராம் தானியம், பட்டறையில் நாளெல்லாம் லேத்துக்கு முன்னால் நிற்பவருக்கு. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறவருக்கு அது கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. பருப்போ இறங்கவேயில்லை. 80 என்பது 85 ஆகியிருக்கிறது.

எங்கள் வீட்டுச் சிட்டை இதற்கு நேர் எதிர். எங்கள் வீடு மட்டுமல்ல. ரேஷனில் கிலோக்கணக்கில் அரிசி. 2011 ஜூன் முதல் அது இலவசம். துவரம்பருப்பு 2007-ல் வந்து சேர்ந்தது, அட்டைக்கு ஒரு கிலோ, 30 ரூபாய். அந்தப் புதிய வழிகாட்டிப்படி ஒரு ஆளுக்கே மாதம் இரண்டரைக் கிலோ வேண்டும். ரேஷன் அரிசி இல்லாவிட்டால் எத்தனை வீட்டில் அடுப்பெரிந்திருக்காது என்பது எனக்குத் தெரியும். அதைக் குறை சொல்ல வாய் வராது. ஆனால் அரிசி மலிந்து பருப்பு மெலிந்த தட்டுக்கு நம் கை பழகிப் போனதில் அதற்கும் பங்கு உண்டு. சிக்கனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பாதி இந்தப் பழக்கம்தான்.

இந்த மாதம் வெளியில் வாங்குகிற சாப்பாட்டரிசியில் ஆறு கிலோ குறைத்தேன். பிஸ்கட், மிக்சர் பாக்கெட்டுகளுக்குத் தடை. அந்தப் பணத்துக்குக் கொள்ளு இரண்டு கிலோ, தட்டைப்பயறு ஒன்று, பச்சைப்பயறு ஒன்று. இவற்றின் விலை துவரையைவிடக் குறைவாக இருந்தது. கொள்ளுப் பருப்புக் கடைசலும் ரசமும் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. ‘அரிசியும் பருப்பும்’ செய்யும்போது நான்குக்கு ஒன்று போட்டதை இரண்டுக்கு ஒன்றாக்கினேன். மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “எங்கம்மா இப்படித்தான் போடுவா. தோட்டத்துல தொவரை வெளைஞ்ச காலம்” என்றார். தொகை தாண்டவில்லை.

நிற்பது பால்தான். ஐந்து பேருக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டர் வேண்டும். நாங்கள் வாங்குவது ஒரு லிட்டர், அதிலும் பாதி டீக்குப் போகிறது. டீயைக் குறைத்தால் தயிருக்கு மிஞ்சும் என்று வீட்டுக்காரர் யோசனை சொன்னார். யார் டீயைக் குறைப்பது என்பதில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.