பின்னால் நிற்கும் மரம்

மரத்தைப் படமெடுக்கப் போகிறவருக்கு முதல் தொல்லை, அதன் பின்னால் நிற்கும் இன்னொரு மரம்தான். நேரில் பார்க்கும்போது வேம்பு தனியாகத்தான் தெரிகிறது. நமக்கு இரண்டு கண்; எது முன்னே, எது பின்னே என்று பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. கேமராவுக்கோ ஒற்றைக் கண். பச்சைக்குப் பின்னால் பச்சை, அதற்கும் பின்னால் மின்கம்பி, கட்சிக்கொடி, யாரோ காயப்போட்ட லுங்கி என எல்லாம் ஒரே தாளில் அப்பிக்கொண்டு வருகின்றன.

புகைப்படக்கலையின் மூலவர்களில் ஒருவரான ஃபாக்ஸ் டால்பட்டுக்கு இதைக் குளிர்காலம் தீர்த்துவைத்தது. 1840களின் தொடக்கத்தில், இங்கிலாந்தில், இலையுதிர்ந்து நின்ற ஓக் மரம் ஒன்றை எடுத்தார். அந்தக் காலத்துக் காகித நெகட்டிவ் நீல ஒளிக்குத்தான் மசியும், பச்சை இருண்டுபோகும். படம் பதிய நேரமும் ஆகும். அதற்குள் காற்றடித்தால் இலையெல்லாம் கலங்கிவிடும். மொட்டை மரத்தில் இந்த இரண்டு வம்பும் இல்லை. வெளிறிய வானத்தில் சின்னஞ்சிறு கொப்புகூடத் துல்லியமாக நிற்கிறது.

கொரியாவின் மியோங் ஹோ லீ பருவத்துக்கெல்லாம் காத்திருப்பதில்லை. கிரேன் வைத்து, மரத்துக்குப் பின்னால் பெரிய வெள்ளைத் திரையைத் தூக்கி நிறுத்திவிடுகிறார். சுற்றிலும் வெளி அப்படியே கிடக்க, மரம் மட்டும் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல் நிற்கிறது. அபாரமான யோசனை. ஆனாலும் என் கண் மரத்தைவிடத் திரையின் ஓரத்திலேயே சுற்றுகிறது. மறைத்தது போக மிச்சமிருக்கும் ஊர் அங்கேதான் எட்டிப் பார்க்கிறது.

நம் பக்கத்துப் பனைக்குத் திரை வேண்டியதில்லை. மாலையில் எந்தக் கண்மாய்க் கரையில் நின்றாலும், வானத்தில் தானே கறுப்பாக எழுந்துகொள்ளும். காலண்டர்க்காரர்கள் அதைப் பிழிந்து எடுத்துவிட்டார்கள், எனக்கு அலுத்துவிட்டது. அதற்கு மாசி, பங்குனியில் முள்ளிலவம் தேவலை. இலையெல்லாம் கொட்டி, வெறுங்கிளையில் சிவப்புப் பூ மட்டும் உட்கார்ந்திருக்கும். வாகையும் அந்தச் சமயத்தில் இலையுதிர்த்து நெற்றோடு நிற்கும். ஆனால் அதன் அழகில் பாதி, காற்றில் நெற்று கலகலப்பது. அதைப் படத்தில் எங்கே பிடிப்பது?

மற்ற மாதங்களில் மழை விட்ட மறுநிமிடம்தான் கணக்கு. மேகம் வெயிலை வடிகட்டித் தரும். நனைந்த பட்டை கறுத்து, இலையிலிருந்து பிரிந்து நிற்கும். ஈர இலையின் பளபளப்பை மட்டும் போலரைசரைத் திருகி அடக்க வேண்டும்.

ஆலமரத்திடம் இந்த வித்தையெல்லாம் பலிக்காது. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தின் தாய்த்தூர் 1989இல் புயற்காற்றில் சாய்ந்துபோனது. இன்று மரம் நிற்பது ஊன்றிய விழுதுகளின் பலத்தில். நடுவே தூர் இல்லாத மரத்தை எங்கிருந்து எடுப்பது? விலகி நின்றால் ஏதோ தோப்பு என்று ஆகிவிடுகிறது. கிட்டத்தில் போனால் பின்னணி என்று ஒன்றே இல்லை. விழுதுக்குப் பின்னாலும் அதே மரம். அங்கே வைட் லென்ஸைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, தரையைப் பார்த்து ஃபோகஸ் வைப்பது என் வழக்கம். இலையிடுக்கு வழியாக இறங்கும் வெயில் மண்ணில் வட்ட வட்டமாக விழுந்திருக்கும். ஒவ்வொரு இடுக்கும் ஓர் ஊசித்துளைக் கேமரா. ஒவ்வொரு வட்டமும் சூரியனின் படம். சூரிய கிரகணத்தின்போது பார்த்தால் அத்தனையும் பிறை பிறையாக மாறியிருக்கும்.